திடவீர ராஜா தூக்கிய கர்லாக்கட்டை

ரொம்ப காலத்துக்கு முன்னால் நெடுங்குளம் என்ற சீமையைத் திடவீர ராஜா என்பவர் ஆண்டு வந்தார். பேர்தான் அப்படி, ஆள் ஒல்லி. ஒரு விருந்தில் ராணியின் அண்ணன், “மாப்பிள்ளை, இது கையா, முருங்கைக்காயா?” என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு ராஜாவுக்குச் சோறே இறங்கவில்லை. அரண்மனையிலேயே எடை தூக்கிப் புஜம் ஏற்றுவது என்று முடிவு கட்டினார்.

சோறு பரிமாற வந்த சமையற்காரி ஆராயி, சின்ன எடையாக எடுத்துத் தொடங்கச் சொன்னாள். அவள் பேச்சை ராஜா கேட்பதில் தளவாய் சிங்கப்பருக்கு எப்போதும் எரிச்சல். ஊரார் தூக்குவதை ராஜாவும் தூக்கினால் மரியாதை என்ன ஆகும் என்று சொல்லி, ஆள் உயரத்துக்கு ஒரு கர்லாக்கட்டையைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ராஜா கையிலிருந்து எதுவும் நழுவி விழக் கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். விழுந்தால் நாட்டுக்கு ஆகாதாம். அதனால் சடையன், மொக்கையன் என்ற இரண்டு சேவகர்கள் பின்னால் நின்று கட்டையைத் தாங்கினார்கள். ராஜா கட்டையின் மேல் கை வைப்பார், அது எழும்பும், சபை கைதட்டும்.

மூன்று மாதம் போனது. ராஜா கை அப்படியே இருந்தது. சமையலில் சத்தில்லை, நெய்யையெல்லாம் ஆராயி தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்று தளவாய் போட்டுக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் அவள் சீமையை விட்டுப் போகவேண்டும் என்று ராஜா சொல்லிவிட்டார். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஆராயி அழவில்லை. ராஜாவின் தோள்வளையை மட்டும் ஒருதரம் கேட்டாள். அவர் கையை உதறியதும் அது தானாகக் கழன்று அவள் கைக்கு வந்தது. அதைச் சேவகர்கள் கையில் போட்டுப் பார்த்தாள். மொக்கையனுக்கு அது முழங்கையையே தாண்டவில்லை. சடையன் கையில் பாதியில் சிக்கிக்கொண்டது, எண்ணெய் தடவித்தான் கழற்றினார்கள்.

“மூணு பேரும் சாப்பிட்டது என் சமையல்தான் ராஜா. தூக்கினவங்க உடம்பிலே ஒட்டியிருக்கு” என்றாள்.

ராஜா சடையனைப் பார்த்தார். “அப்போ நான் தூக்கவே இல்லையா?”

“நீங்களும் கை வெச்சிருந்தீங்க ராஜா” என்றான் சடையன், மெதுவாக.

ஆராயி சமையற்கட்டிலிருந்து சின்னது, நடுத்தரம், பெரிசு என்று அம்மிக் குழவிகள் மூன்றை எடுத்துவந்து வைத்தாள்.

“பத்துத் தடவை தூக்குங்க. எட்டுக்கு முன்னாடியே கை தொங்கிட்டா அது பெரிசு. பத்தும் முடிச்சு சிரிச்சீங்கன்னா சின்னது. கடைசி ரெண்டுக்கு முகம் கோணணும், அதுதான் உங்க எடை. அது லேசா ஆனப்புறம் அடுத்ததை எடுங்க.”

ராஜா நடுக்குழவியை எடுத்தார். ஒன்பதாவதில் பச்சைப் புளியங்காயைக் கடித்தவர் மாதிரி முகம் போனது. பத்தாவதை முடித்துவிட்டு, “நானே தூக்கினேன்” என்றார். கண் கலங்கியிருந்தது.

ஆராயி அரண்மனையிலேயே இருந்தாள், இரட்டைச் சம்பளத்தோடு. தளவாய்க்கு ராஜா புது வேலை கொடுத்தார். தினமும் பக்கத்தில் நின்று, தூக்குவதை எண்ணவேண்டும். கூட்டி எண்ணினால், கூட்டியதை அவரே தூக்கிக் காட்டவேண்டும்.

முகஸ்துதி பழகின வாய் லேசில் அடங்குமா? முதல் நாள் ராஜா பத்து தூக்கினார். தளவாய் முப்பது என்றார். அந்த வருஷம் நெடுங்குளத்திலேயே பெரிய புஜம் தளவாய்க்குத்தான்.