பனியில் விரிந்த சிறகு

ஏரிக்கரை மடத்தில் அன்று காலை எல்லோரும் ஒரு படத்தின் முன் நின்றார்கள். மாசிலாமணி துணியில் தீட்டிய படம் அது. மார்கழிப் பனி. இலையில்லாத கிளையில் ஒரு கூடு. கூட்டில் மூன்று குஞ்சுகள். அவற்றின் மேல் சிறகுகளை விரித்து நிற்கும் தாய்க்கொக்கு.

"தாயன்பு," என்றார் ஒருவர்.

"இலை உதிர்ந்த கிளைதான் பற்றில்லாத மனசு," என்றார் இன்னொருவர்.

"கொக்கு நம்ம சமையல் வேலப்பர் மாதிரியே இருக்கு. அதே கழுத்து!"

வேலப்பரே சிரித்துவிட்டார்.

மடத்தின் குரு அங்கயற்கண்ணி அம்மை கிட்டே வந்து கிளையை உற்றுப் பார்த்தார். மாசிலாமணி அவரைவிட மூத்தவர். ஆனாலும் அவருடைய சீடர்.

"நீங்க பொருள் சொல்லுங்கம்மா. அப்புறம் கூடத்துல மாட்டலாம்," என்றார் மாசிலாமணி.

"இது என்ன மரம்?"

"கரையோரப் பூவரசு."

"பூவரசு மார்கழியில இலை உதிர்க்குமா?"

"உதிர்க்காது. கூடு இலைக்குள்ள மறைஞ்சிருந்தது. வரையணுமேன்னு மேல்கிளைகளை வெட்டினேன்."

"வெட்டுறதுக்கு முன்னாடியும் தாய் இப்படித்தான் நின்னுதா?"

"இல்லம்மா. சிறகை மடக்கி உட்கார்ந்திருந்தது. வெட்டினப்புறம்தான்..."

"குஞ்சுங்க எப்படி இருக்கு?"

"இன்னிக்குக் காலையில பார்த்தேன். ரெண்டு இருக்கு."

யாரும் படத்தைப் பார்க்கவில்லை.

அம்மை துணியைச் சட்டத்திலிருந்து கழற்றினார். ஒரு கயிற்றையும் எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். மாசிலாமணி பின்னால் ஓடினார். மரத்தடியில் அம்மை துணியை அவரிடம் நீட்டினார்.

"மடத்துல வேற துணி இருக்கேம்மா."

"இருக்கு," என்றார் அம்மை. நீட்டிய கையை மடக்கவில்லை.

மாசிலாமணி துணியையும் கயிற்றையும் வாங்கிக்கொண்டு மரம் ஏறினார். கொக்கு பறந்துபோய்ப் பக்கத்து மரத்தில் உட்கார்ந்தது. அவர் கூட்டுக்கு மேலே கூரைபோலத் துணியை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினார்.

இருவரும் தூரத்தில் போய் நின்றார்கள். வெகுநேரம் கொக்கு வரவில்லை. பிறகு வந்தது. துணியைக் கழுத்து நீட்டிப் பார்த்தது. மெல்ல உள்ளே நுழைந்து, சிறகை மடக்கி, குஞ்சுகளின் மேல் உட்கார்ந்தது.

மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பனி பட்டா வண்ணமெல்லாம் கரைஞ்சுடும்மா."

"துணி இருக்கும்," என்றார் அம்மை.