மங்களேஸ்வரியின் பீரோ

மலையடிவாரத்து மடத்துக்குள் அன்றைக்கு மங்களேஸ்வரி நுழைந்த வேகத்தில், வாசலில் கழற்றிய செருப்பு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் போய் விழுந்தது.

உமையாள் சாமி சமையல்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காவிச் சேலை கட்டிய பெண் துறவி. வயது நாற்பதைத் தாண்டிச் சில வருஷம்தான் இருக்கும். மங்களேஸ்வரிக்கோ அறுபது முடிந்துவிட்டது. ஆனாலும் குரு என்றால் குரு. விழுந்து கும்பிட்டாள்.

“வாங்கக்கா” என்றார் சாமி.

“கோபம் வருது சாமி. கொஞ்சநஞ்சக் கோபம் இல்ல. உடம்பெல்லாம் நடுங்குது. இதை அடக்க எனக்கு ஒரு வழி சொல்லணும்.”

“யார் மேல?”

“பெத்த மக மேல.”

“என்ன செய்தா?”

“என் பீரோவைத் திறந்துட்டா.”

சாமி ஒரு இணுக்கை எடுத்துக் கீரையை உருவினார். “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானான்னு கேக்கீங்களே சாமி! அந்த பீரோ எனக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாமல் என்ன? மங்களேஸ்வரியின் பீரோ அந்தத் தெருவுக்கே தெரியும். கல்யாணமாகிப் போன வீட்டில் அவள் நாத்தனார்மார்களோடு ஒரே டிரங்குப் பெட்டியைப் பங்கு போட்டுக்கொண்டவள். ஆசையாக ஒரு சேலை எடுத்தால், அது முதலில் யார் உடம்பில் ஏறும் என்று சொல்ல முடியாது. திருப்பி வரும்போது மஞ்சள் கறையோடு வரும், இல்லையென்றால் வரவே வராது. வாயைத் திறந்து கேட்டதில்லை. கடைசியில் புருஷன் தனியாக வீடு கட்டியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு சுவர் நெடுக மரத்தில் பீரோ, பூட்டுச் சாவியோடு. அவர் செய்து கொடுத்தார். அப்புறம் போய்ச் சேர்ந்தும் விட்டார்.

அந்த பீரோவை அவள் வைத்திருந்த நேர்த்தியைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். கண் மட்டத்துத் தட்டில் பட்டுச் சேலைகள், ஒவ்வொன்றும் வெள்ளை மல் துணியில் சுற்றி, இடையிடையே வசம்பு போட்டு. அதற்குக் கீழே கஞ்சி போட்ட நூல் சேலைகள், வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்தில் முடியும். கோயிலுக்கு ஒரு அடுக்கு, விசேஷ வீட்டுக்கு ஒன்று, ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கப் போக ஒன்று, இழவு வீட்டுக்குத் தனியாக ஒன்று. ஜாக்கெட்டும் உள்பாவாடையும் அந்தந்தச் சேலையின் மடிப்புக்குள்ளேயே இருக்கும். மடிப்பு ஒரே இடத்தில் விழுந்தால் பட்டு அங்கே இற்றுப்போகும் என்று, அவ்வப்போது எல்லாவற்றையும் எடுத்து மாற்றி மடிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் வேண்டிய சேலை கைக்கு வரும்.

மகள் பூங்கோதை ஐப்பசி மழையில் ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். மேற்கே ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். இனி அங்கே போக மாட்டேன் என்றாள். “ரெண்டு நாள் இரு. மனசு ஆறினதும் போ” என்றாள் மங்களேஸ்வரி. அந்த இரண்டு நாள் கார்த்திகையாகி, தையாகி, பங்குனியும் பிறந்துவிட்டது. பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. துவைத்துக் காய்ந்த துணியை மடித்து மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள் மகள்.

“இன்னிக்குக் காலையில டவுன்ல ஒரு பள்ளிக்கூடத்துல வேலைக்கு வரச் சொல்லியிருந்தாங்களாம்” என்றாள் மங்களேஸ்வரி. “நான் குளிக்கப் போயிருந்தேன். சாவி சுவத்து முளையில தொங்குச்சு. திறந்து, என் பச்சை நூல் சேலையை நடுவுல இருந்து உருவியிருக்கா சாமி. அடுக்கு மொத்தமும் சரிஞ்சு கிடக்கு. எனக்கு எப்படி இருக்கும்? கத்திட்டேன். தெருவே எட்டிப் பாத்துச்சு. அவுத்து வையின்னேன். அவுத்து என் காலடியில போட்டுட்டு, கசங்கின சுடிதார் ஒண்ணை மாட்டிக்கிட்டுப் போனா.”

“வேலை கிடைச்சுதா?”

மங்களேஸ்வரி கீரைக் கட்டைப் பார்த்தாள். “கேக்கல.”

சாமி ஆய்ந்த கீரையைச் சுளகில் சேர்த்தார். நரம்பையும் பழுத்த இலையையும் ஒதுக்கினார்.

“எனக்கு வழி சொல்லலையே சாமி.”

“நாளைக்கு உங்க வீட்டுக்கு வாரேன். ஒரு ராத்திரி தங்கிட்டு, மறுநாள் காலையில கிளம்புதேன்.”

மங்களேஸ்வரிக்குக் காதில் விழுந்தது நிஜம்தானா என்று இருந்தது. எத்தனையோ வருஷமாகக் கெஞ்சியிருக்கிறாள். சாமி எந்த வீட்டிலும் தங்கினதில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் சாமி வந்தார். வாசலில் கோலம், தலைவாழை இலையில் சாப்பாடு, பாயாசம். சாப்பிட்டு முடித்து உள்ளறைக்கு வந்ததும் சாமி தோளில் கிடந்த துணிப்பையை இறக்கினார்.

“மாத்துச் சேலை ரெண்டு இருக்குக்கா. எங்க வைக்கட்டும்?”

“சாமி சேலையைக் கண்ட இடத்துலயா வைப்பேன்?”

மங்களேஸ்வரி பீரோவைத் திறந்தாள். கண் மட்டத்துத் தட்டிலிருந்து பட்டுகளை வாரி எடுத்தாள். மடிப்பைப் பார்க்கவில்லை, வரிசையைப் பார்க்கவில்லை. கை கொள்ளாமல் அள்ளிக் கட்டிலில் போட்டாள். ஒரு மல் துணி அவிழ்ந்து, அரக்குப் பட்டின் முந்தானை தரையைத் தொட்டது. அதையும் அவள் கவனிக்கவில்லை. தட்டை ஈரத்துணியால் துடைத்தாள், உலர்துணியால் துடைத்தாள், புதுத்தாள் விரித்தாள்.

“வைங்க சாமி.”

சாமி இரண்டு காவிச் சேலைகளை வைத்தார். அவ்வளவு பெரிய தட்டில் அவை ஒரு மூலையில் கிடந்தன.

பூங்கோதை மோர் டம்ளரோடு வாசல் நிலையில் நின்றிருந்தாள். தட்டைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். டம்ளரை ஸ்டூலில் வைத்த வேகத்தில் மோர் தளும்பிச் சிந்தியது.

“இப்போ தட்டுல நல்லா இடம் வந்துட்டே அம்மா” என்றாள்.

“சாமி முன்னால வாயாடாத!”

“நான் ஒண்ணும் சொல்லல. இடம் வந்துட்டுன்னுதான் சொன்னேன்.”

“எனக்கு முகம் கழுவணும். ஒரு துண்டு கிடைக்குமாம்மா?” என்றார் சாமி, பூங்கோதையைப் பார்த்து.

பூங்கோதை குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். ஜிப் பிய்ந்து, துப்பட்டா ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சை அவிழ்க்க நேரமானது. சாமி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“ஊருக்குக் கிளம்புதியாம்மா?”

“இல்ல சாமி. இங்கதான் இருக்கேன்.”

“பெட்டி கட்டியிருக்கே?”

பூங்கோதை முடிச்சை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் மங்களேஸ்வரியைக் கிளப்பிவிட்டது.

“ஆமா சாமி! நான்தான் துணியை பீரோவுல எடுத்து வைக்கச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். இன்னிக்கு ஒரு தட்டைக் கொடுத்தா நாளைக்கு இவ இங்கயே தங்கிருவா. வாழ வேண்டிய வயசு. புருஷன் பொண்டாட்டின்னா நாலு வார்த்தை வரத்தான் செய்யும். நான் பொறுக்கலையா? எத்தனை நாத்தனார், எத்தனை பேச்சு! பெட்டியைத் தூக்கிட்டு ஓடியா வந்தேன்? இவளுக்கு எல்லாம் எளிசு. கோபம் வந்தா கிளம்பிர வேண்டியது, எங்கம்மா பீரோ இருக்கு, திறந்து கட்டிக்கிட வேண்டியது!”

சாமி அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு பூங்கோதையிடம், “நான் பாக்கலாமாம்மா?” என்று கேட்டார். அவள் தலையசைத்ததும் மேலே இருந்த துணியை எடுத்தார். மஞ்சள் ஜாக்கெட். தோளில் கை கழன்றுபோய், கறுப்பு நூலால் தைத்திருந்தது.

“இது எப்படிக் கிழிஞ்சுது?”

“பிடிச்சு இழுத்தாரு. மாடிப்படியில.”

சாமி அதை மடித்துத் தன் மடியில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். ஒரு சுடிதார் மேல்சட்டை. முன்பக்கம், வயிற்றுக்கு நேராக, தேய்ப்புப் பெட்டியின் முனை பழுப்பாகப் பதிந்திருந்தது.

“இது, தேய்க்கும்போதா?”

“இல்ல சாமி.”

“போட்டிருக்கும்போதா?”

“ஆமா. புண்ணு இப்போ ஆறிட்டு.”

மங்களேஸ்வரி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். தன் பீரோவில் எந்தச் சேலையில் எந்த இடத்தில் எத்தனை இழை விட்டிருக்கிறது என்று சொல்லக்கூடியவள். அந்தப் பெட்டிக்குள் ஒருதரமும் எட்டிப் பார்த்ததில்லை.

“ஏட்டி!” குரல் கிழிந்துபோய் வந்தது. “இதை ஏன் எங்கிட்ட சொல்லல? என்னை என்ன கல்லுன்னு நினைச்சியா? பெத்தவகிட்ட மறைப்பியா?”

“சொல்ல வந்தேன்.”

“எப்போ வந்த? எப்போ?”

“வந்த அன்னிக்கே.” பூங்கோதையின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நீ அந்த அரக்குப் பட்டை மாத்தி மடிச்சுக்கிட்டிருந்த. அம்மா, உங்கிட்ட ஒண்ணு காட்டணும்னேன். கொஞ்சம் பொறு, மடிப்பு கலைஞ்சிரும்ன. பொறுத்தேன். மடிச்சு முடிச்சு, உள்ள வச்சுப் பூட்டிட்டு, சாப்பிட்டியான்னு கேட்ட. சாப்பிட்டேன்னேன்.”

மங்களேஸ்வரி தரையைத் தொட்டுக் கிடந்த அரக்குப் பட்டின் முந்தானையைப் பார்த்தாள். அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஜரிகை எந்த இடத்தில் மடங்கியிருந்தது, எப்படி நீவிவிட்டாள் என்பதெல்லாம் இருந்தது. மகளின் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தாள். பிடிபடவில்லை.

சாமி எழுந்தார். பீரோவுக்குப் போய்த் தன் இரண்டு சேலைகளையும் எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தார்.

“ஐயோ சாமி, ஏன் எடுக்கீங்க? உங்களுக்காகத்தானே ஒழிச்சேன்!”

சாமி திரும்பினார். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் மங்களேஸ்வரி அப்படியொரு கோபத்தைப் பார்த்ததில்லை.

“நான் நாளைக்குப் போயிருவேன் அக்கா.”

மங்களேஸ்வரி சடாரென்று தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் கையை விட்டாள். துணிகளை வாரினாள். மறுகணமே பூங்கோதை அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“விடு.”

“வைக்கேன்டி. நானே அடுக்கி வைக்கேன்.”

“வேண்டாம். சாமி பாக்காங்கன்னு வைக்காத. சாமி அங்கிட்டுப் போனதும் பட்டைத் திருப்பி ஏத்துவ. அப்போ என் துணி எங்க போகும்? மறுபடியும் கட்டிலுக்கு அடியிலயா?”

“பூங்கோத…”

“விடும்மா!”

ஒவ்வொரு துணியாகப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். சாமியின் மடியிலிருந்து விழுந்த மஞ்சள் ஜாக்கெட்டையும் வைத்தாள். துப்பட்டாவைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். சாமிக்கு ஒரு துண்டை மட்டும் கொடுத்துவிட்டு, கொல்லைப்புறம் போனாள். கிணற்றடியில் வாளி மோதும் சத்தம் கேட்டது.

மங்களேஸ்வரி தரையில் கையை ஊன்றி எழுந்தாள். கட்டிலில் கிடந்த பட்டுகளைப் பிடித்துத் தள்ளினாள். அவை வழுக்கிக்கொண்டு தரையில் சரிந்தன.

“அவனை விடமாட்டேன் சாமி. பொங்கலுக்கு வந்தவனுக்கு என் கையால வேட்டி எடுத்துக் கொடுத்தேனே! மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு இலை போட்டேனே! இவ உள்ள இருந்து வெளிய வரல. திமிருன்னு நினைச்சேன். அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு நாலு பேர் கேக்கக் கேப்பேன். போலீஸுக்குப் போவேன். அவன் கையை…”

சாமி அடங்கு என்று சொல்லவில்லை. பொறு என்றும் சொல்லவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் பேசுவதற்கெல்லாம் ‘ம்’ கொட்டினார்.

கத்தி ஓய்ந்ததும் மங்களேஸ்வரி பீரோவைப் பார்த்தாள். புதுத்தாள் விரித்த தட்டு வெறுமனே இருந்தது. கிணற்றடிச் சத்தம் நின்றுவிட்டது. மகள் உள்ளே வரவில்லை.

“தட்டை ஒழிச்சாச்சு” என்றாள். கோபம் இன்னும் குரலை விட்டுப் போகவில்லை. “அவ வைக்க மாட்டேங்கா. நான் வைக்கப் போனாலும் விட மாட்டேங்கா. என்னைத்தான் என்ன செய்யச் சொல்லுதீங்க? காலியால்ல கிடக்கு!”

“கிடக்கட்டும்” என்றார் சாமி. “நீங்க அதுல எதையும் வச்சிராதீங்க.”