சாமியாருக்கு ஆபரேஷன் ஆன பிறகு

"ஆபரேஷன் பண்ணியாச்சு, சிஸ்டர். ஆனாலும் ஏறுதான்."

"எது மேல?"

"எது மேலன்னு கணக்கில்ல. தலையணை மேல, அழுக்குத்துணி மூட்டை மேல. போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோட ஞானத்தகப்பன் கால் மேல."

சிஸ்டர் லூர்து மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"அவரு என்ன செஞ்சாரு?"

"முறுக்குத் தட்டோட விழுந்தாரு."

ஊரில் யாருக்கு நாய் வேண்டாமோ அவர்களெல்லாம் அதைக் கொண்டுவந்து கன்னியர் மடத்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். மடத்துக்குப் பின்னால், காய்கறித் தோட்டத்தை ஒட்டி, அவற்றை வைத்துப் பார்த்துக்கொள்வது லூர்து. நாய் விஷயம் என்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும் என்று ஊரில் பேச்சு. கேட்டதற்கு நேராகப் பதில் வராது என்பதும் பேச்சு.

பெனிட்டாவும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அதனால் பெனிட்டா வாயில் 'சிஸ்டர்' என்று தொடங்குவது சீக்கிரமே 'ஏட்டி' ஆகிவிடும்.

பெனிட்டா கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் சாமியார்.

குட்டியாக இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிற அழகைப் பார்த்து வைத்த பெயர். வயசு வந்ததும் கண் திறந்துவிட்டது.

கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது.

"யாருட்டி?"

"எங்க வீட்டுக்காரரு. குட்டியானை வண்டி பிடிச்சுட்டு வந்துருக்காக. இவன அவுக சித்தப்பா உப்பளத்துல கொண்டு கட்டப் போறாக, காவலுக்கு. போற வழியில இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்கன்னு நான்தான் அழுதேன்."

"உப்பளத்துல நிழல் உண்டா?"

"இல்ல." பெனிட்டா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சங்கிலி உண்டு."

லூர்து கொடியிலிருந்து ஒரு பூசணிக்காயை அறுத்தாள். நல்ல கனம்.

"இதப் பிடி. கயித்த எங்கிட்ட குடு."

"எதுக்கு?"

"கை சும்மா இருந்தா நீ அழுவே."

பெனிட்டா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"என்ன ஆபரேஷன் பண்ணினீக?"

பெனிட்டாவுக்குக் காது சிவந்துவிட்டது. "அதான்... அந்த ஆபரேஷன்."

"காயடிச்சோம்னு சொல்லு. பாவசங்கீர்த்தனத்துல சொல்ல வேண்டியதில்ல."

"நமக்கு அந்தப் பாடத்துக்கே ஸ்டேப்ளர் பின் அடிச்சுல்லா புஸ்தகம் குடுத்தாக? எனக்கு எங்க வாய் வருது?"

"நான் பின்னைப் பிடுங்கிட்டுப் படிச்சேன்."

"ஏட்டி! அப்புறம்?"

"அப்புறம்தான் மடத்துக்கு வந்தேன்."

பெனிட்டா சிரித்துவிட்டு, சிரித்ததற்காக ஒருமுறை கேட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"முன்னால என்னல்லாம் செஞ்சான்?"

"தெருவுல எந்தப் பொட்டை பருவத்துக்கு வந்தாலும் இவனுக்குத் தெரிஞ்சுரும். சோறு எறங்காது. விடிய விடிய ஊளை. மதில் ஏறிக் குதிச்சுருவான். 'சாமியார் மதில் தாண்டிட்டாரு'ன்னு தெருப் பிள்ளைக கத்தும். எங்க அத்தை ஜன்னலச் சாத்திருவாக. வீட்டுக்குள்ள கட்டில் கால், சோபா கால், பாப்பா தொட்டில் கால், எல்லாத்துலயும் ஒண்ணுக்கு."

"இப்ப?"

"ஊளை நின்னுட்டு. மதில் தாண்டுதது நின்னுட்டு. கால் தூக்குததும் குறைஞ்சுட்டு. உடனே எல்லாம் மாறாது, கொஞ்ச நாள் பொறுங்கன்னு டாக்டர் சொன்னாரு. பொறுத்தோம். ஆடி முடிஞ்சு பண்ணினது, இப்பக் கார்த்திகை. இந்த ஏறுதது மட்டும் நிக்கல."

லூர்து நாய்க் கொட்டகைப் பக்கம் நடந்தாள். பெனிட்டா பூசணிக்காயோடு பின்னால் போனாள்.

அங்கே வேப்பமரத்தடியில் ஒரு கறுப்பு நாய். அதன் முன்னால் ஒரு பொட்டை நாய் குறுக்கும் மறுக்கும் போய்க்கொண்டிருந்தது. கறுப்பு நாய் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு முன்னங்காலில் முகத்தை வைத்துக்கொண்டது.

இன்னொன்று புள்ளி போட்ட நாய். புது ஆளைப் பார்த்ததும் ஓடிவந்தது, குரைத்தது, தன் வாலைத் தானே துரத்திச் சுற்றியது. பிறகு அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் ஏறி, வெகு மும்முரமாகத் தன் வேலையைத் தொடங்கியது.

"ரெண்டுல ஒண்ணுதான் காயடிச்சது," என்றாள் லூர்து. "எது?"

"இது ஒரு கேள்வியாட்டி? கறுப்புதான். எவ்வளவு அடக்கமா படுத்துருக்கு."

"போய்ப் பாரு."

பெனிட்டா போனாள். பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். பூசணிக்காய்க்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்த்தாள்.

திரும்பி வந்தபோது காது மறுபடியும் சிவந்திருந்தது.

"முழுசா இருக்கு."

"ராயனுக்கு நெஞ்சு பலவீனம். மயக்க ஊசி தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பிறகு எப்படி இப்படி...?"

"காலையில கடக்கரை வரைக்கும் நடை. சோத்துக்கு முன்னால உக்காரணும். கேட்டத் தொறக்கதுக்கு முன்னால உக்காரணும். பொட்டைக்குப் பருவம் வந்தா அவளுக்கு உள்ளறை, இவனுக்குச் சங்கிலி, நடுவுல பூட்டு. நான் ராயன நம்புதேன். பருவத்த நம்பல."

டம்மென்று சத்தம். வாளி உருண்டுவிட்டது. புள்ளி நாய் அதைத் துரத்திக்கொண்டு ஓடியது.

"அது பட்டாசு," என்றாள் லூர்து. "காயடிச்சது."

வெளியே ஹாரன் நீளமாக அடித்தது.

பெனிட்டா சாமியாரைப் பார்த்தாள். "அப்ப நான் எதுக்குட்டி இவன வெட்டிக் கஷ்டப்படுத்தினேன்?"

"மதிலுக்கு. அது நின்னுட்டுல்லா?"

"இதுக்கு?"

"அவன் ஏறப் போற நேரத்துல நீ என்ன செய்வே?"

"கத்துவேன்."

"பிறகு?"

"பாப்பாவைத் தூக்கிட்டு ஓடுவேன்."

"அவன்?"

"பின்னாலயே ஓடி வருவான். அத்தை கத்துவாக. இவுக செருப்பத் தூக்குவாக. பக்கத்து வீட்டுல எட்டிப் பாப்பாக."

"அவனுக்கு எப்படி இருக்கும்?"

பெனிட்டா யோசித்துப் பார்த்தாள்.

"கோயில் திருவிழா மாதிரி இருக்கும்."

அந்த நேரம் பார்த்து சாமியாரின் காது நிமிர்ந்தது. பட்டாசு போட்ட ஆட்டத்தில் இவனுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மரத்தடியில் ஒரு எருச் சாக்கு இருந்தது. அதைப் பார்த்தான். பெனிட்டாவைப் பார்த்தான். மறுபடியும் சாக்கைப் பார்த்தான்.

பெனிட்டாவின் வாய் திறந்தது. லூர்து அவள் உதட்டின் மேல் விரலை வைத்துவிட்டாள்.

"கத்தாத. ஏறதுக்கு முன்னால கூப்பிடு."

"சாமியார்..." என்றாள் பெனிட்டா. "உக்காரு."

சாமியாருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். சாக்கின் மேல் வைக்கப் போன கால் அந்தரத்தில் நின்றது. யாரும் கத்தவில்லை. யாரும் ஓடவில்லை.

உட்கார்ந்தான்.

லூர்து அங்கிப் பையிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து அவன் வாயில் போட்டாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். நாளைக்கும் இதேதான். மறுநாளும். உனக்குச் சலிச்சுப் போற வரைக்கும். சலிச்ச பிறகும்."

பெனிட்டா பூசணிக்காயைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

"பயமா இருக்குட்டி. பாப்பா தவழுதா. அவ கழுத்தும் இவன் வாயும் ஒரே உசரம். ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு மூக்குல விரல் வச்சு, மூச்சு வருதான்னு பாக்கேன்."

"நாய்க்கா?"

"பாப்பாவுக்கு!"

"அப்ப நாய் எங்க இருக்கும்?"

"வெளிய. கொல்லையில."

"கதவு?"

"பூட்டித்தான் இருக்கும்."

லூர்து தலையாட்டினாள். அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுதேன், நேராவே சொல்லுதேன். உன் கண்ணு வேற பக்கம் போச்சுன்னா, நாய்க்கும் பாப்பாவுக்கும் நடுவுல கதவு இருக்கணும். காயடிச்ச நாயானாலும் சரி, ஞானஸ்நானம் வாங்குன நாயானாலும் சரி."

"அப்ப பயப்படலாங்கியா?"

"கதவு சாத்துத அளவுக்குப் பயப்படு."

ஹாரன் இப்போது விட்டுவிட்டு, கோபமாக அடித்தது. வண்டிக் கதவு அறைபடுகிற சத்தமும் கேட்டது.

பெனிட்டா அவசரமாகக் கேட்டாள். "ஒண்ணுதான் எனக்குப் புரியல. அவுக வந்து கேட்டா நான் என்ன சொல்ல? உள்ள இருந்தது போயிட்டு. ரத்தத்துல இருந்ததும் வடிஞ்சுட்டுன்னு டாக்டர் சொல்லுதாரு. பிறகும் ஏன் இந்த உடம்பு அதையே செய்யுது?"

லூர்து வேறு ஒன்று கேட்டாள்.

"பாப்பா எங்கட்டி?"

"வீட்டுல. தூங்க வச்சு அத்தைகிட்ட விட்டுட்டு வந்துருக்கேன். ஏன்?"

"சும்மாதான்."

ஆனால் அவள் கண் பெனிட்டாவின் முகத்தில் இல்லை. கொஞ்சம் கீழே இருந்தது. பெனிட்டாவும் குனிந்து அங்கே பார்த்தாள்.

அவள் உடம்பு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. வலது கை பூசணிக்காயின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரே சீராக.

எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.

சட்டென்று நிறுத்தினாள். நட்டு வைத்த கம்பு மாதிரி நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் கால் தானாக ஆடத் தொடங்கியது.

கேட்டைத் தள்ளிக்கொண்டு பெனிட்டாவின் புருஷன் டெரன்ஸ் வந்தான். சட்டையெல்லாம் வேர்வை.

"ஒரு நிமிஷம்னு சொன்னே! வண்டிக்காரன் என்னைத் தின்னுருவான் போலருக்கு. ஸ்தோத்திரம், சிஸ்டர். நாயை ஏத்து."

"இதக் கொஞ்சம் பிடிங்க," என்றாள் பெனிட்டா.

அவன் பூசணிக்காயை வாங்கிக்கொண்டான். அவள் லூர்துவின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"சிஸ்டர், நீங்களே சொல்லுங்க," என்று டெரன்ஸ் தொடங்கினான். "நானும் மனுஷன்தான். பிள்ளை இருக்கிற வீடு. ஞானத்தகப்பன் இன்னும் நொண்டிக்கிட்டே பூசைக்கு வாராரு. சாமியார் இப்படிப் பண்ணிட்டாரேன்னு ஊருல சொல்லும்போது, எந்தச் சாமியார்னு கேக்காங்க, சிஸ்டர்! பங்குச் சாமியார் காதுல விழுந்தா என்ன ஆகும்?"

லூர்து மும்முரமாகத் தன் அங்கியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினாள்.

பெனிட்டா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அவன் இடது முழங்கால் லேசாக மடங்கியது. பிறகு வலது. பூசணிக்காய் வயிற்றிலிருந்து மெல்ல மெல்ல மேலேறித் தோளில் சாய்ந்தது.

"வெட்டி எறிஞ்சாச்சு!" குரல் உயர்ந்தது. "இருந்ததையே வெட்டி எறிஞ்சாச்சு! அப்புறமும் அதே புத்தியோட திரியிறான்னா, இது இனிமே என்னைக்கு..."

உள்ளங்கை பூசணிக்காயின் முதுகில் விழுந்தது. தட்டியது. மறுபடியும் தட்டியது.

"மெதுவா," என்றாள் சிஸ்டர் லூர்து. "முழிச்சிரும்."

டெரன்ஸ் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

அப்புறம்தான் குனிந்து பார்த்தான்.

வேப்பமரத்தடியில் சாமியார் உட்கார்ந்தபடியே இருந்தான், அடுத்த கருவாட்டுக்காக.

"அப்ப," என்று டெரன்ஸ் கேட்டான், இன்னும் ரகசியக் குரலில், "உப்பளத்துக்கு என்ன சொல்ல?"