இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிசை

"இது பொதுவுல கிடக்குறதுதானே மேடம். யார் வேணா படிக்கலாம். நான் எடுத்தா மட்டும் என்ன தப்பு?"

கேட்டவர் தெய்வசிகாமணி. வயது ஐம்பத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர். அவருடைய நெறியாளர் ஷாஜிதாவுக்கு நாற்பத்தொன்று. மாணவர் மேடம் என்பார், ஆசிரியர் சார் என்பார். ஆறு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

ஆய்வேடு மேசைமேல் இருந்தது. மூன்று வாரத்தில் சமர்ப்பித்தாக வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள், ஃபேஸ்புக் குழு ஒன்றில் எழுதியதையெல்லாம் திரட்டிச் செய்த ஆய்வு. நானூற்று முப்பது பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண்.

நான்காம் அத்தியாயத்தில் ஒரு மேற்கோளை மேடம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

'அரை டம்ளர் தண்ணி கேட்டாரு. குடுக்கல. அழுதாரு. இந்த மனுஷன் போய்ச் சேந்தா எனக்கு நிம்மதின்னு ஒரு நிமிஷம் நெனச்சேன்.'

கீழே: வரிசை 212, பெண், வயது 44.

சிறுநீரகம் போனவர்களுக்குத் தண்ணீரும் அளவுதான். கூடக் குடித்தால் மூச்சு முட்டும். அளந்து ஊற்றுகிற கைக்குத்தான் அந்தப் பாவம் தெரியும்.

"பேரை எடுத்துட்டேன். ஊரை எடுத்துட்டேன். இதுக்கு மேல என்னத்த எடுக்க?"

மேடம் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"முதல் அஞ்சு வார்த்தையை அப்படியே தேடிப் பாருங்க சார்."

தேடினார்.

பெயர் வந்தது. அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஊர் வந்தது, அதையும் சொல்ல மாட்டேன். கூடவே ஒரு படமும் வந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன இடது கை.

தெய்வசிகாமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்திராணிக்கும் இடது கைதான்" என்றார், யாரும் கேட்காமலே.

இந்திராணி அவர் மனைவி. இரண்டு வருஷம் டயாலிசிஸில் இருந்து இறந்துபோனவர். இந்தத் தலைப்பை அவர் எடுத்ததே அதற்கப்புறம்தான்.

மேடம் மடிக்கணினியை மூடினார்.

"இந்த நானூத்தி முப்பதுல உங்க வரிசை எது சார்?"

"என்னுதா? என்னுது இதுல இல்லையே மேடம்."

"ஏன்?"

"அது என் வீட்டு விஷயம். அதைப் போய் ஊரெல்லாம் பாக்குற மாதிரி..."



மேடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்த வழக்கம் உண்டு, பேச வேண்டிய இடத்தில் சும்மா இருப்பார். கோபம் போலிருக்கிறது என்று பயந்து எழுந்து ஓடிய மாணவர்கள் நிறைய.

தெய்வசிகாமணி ஓடவில்லை. மறுநாள் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"மேற்படி ஆய்வின் பொருட்டுத் தங்கள் பதிவினைப் பயன்படுத்திக்கொள்ள இசைவு கோரி..."

"சார், அந்த அம்மா உங்க எதுத்தாப்புல உக்காந்திருக்காங்கன்னு நெனச்சு வாசிங்க."

இரண்டாவது வரி தாண்டவில்லை. அவருக்கே வெட்கமாகப் போயிற்று. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேறு எழுதினார்.

'உங்க பதிவைப் படிச்சேன் அம்மா. உங்களைக் கேக்காம எடுத்து வச்சிருக்கேன். என் ஆய்வேட்டுல போடலாமா? வேண்டாம்னு சொன்னா எடுத்துடுறேன்.'

மேற்கோள் காட்டிய பன்னிரண்டு பேருக்கும் இதையேதான் அனுப்பினார்.

"அந்த அம்மா வேண்டாம்னுட்டா மேடம்?"

"வேண்டாம்தான்."

"நாலாம் அத்தியாயமே அந்த ஒரு பதிவு மேலதான் நிக்குது."

"தெரியும் சார். நானும்தானே படிச்சேன்."

எட்டு நாள் அந்த அம்மாவிடமிருந்து பதில் இல்லை. அந்த எட்டு நாளும் மனிதர் பள்ளிக்கூடத்தில் முகலாயர் பாடம் நடத்தினார். எந்த ராஜாவுக்கு அப்புறம் எந்த ராஜா என்று பிள்ளைகள்தான் அவருக்கு எடுத்துக்கொடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் செல்போனை நீட்டியபடி துறைக்குள் வந்தார்.

"பதில் வந்துடுச்சு மேடம்."

"வாசிங்க."

'சார், வணக்கம். எல்லாரும் பாக்குற இடம்னு எனக்கும் தெரியும். ஆனா அங்க வர்றவங்க எல்லாம் என்னைய மாதிரி தண்ணிய அளந்து ஊத்துறவங்கன்னு நெனச்சுத்தான் எழுதினேன். அவர் போன ஐப்பசில தவறிட்டாரு. என் மக காலேஜ் போறா. அவ கண்ணுல அது படக்கூடாது. நானும் குரூப்புல இருந்து அழிச்சிட்டேன். நீங்களும் எடுத்துருங்க.'

அவர் நிறுத்தினார்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு மேடம்."

"வாசிங்க சார்."



'அதுக்குக் கீழ யாருமே ஒரு வார்த்தை எழுதல. நீங்க ஒருத்தர்தான் படிச்சேன்னு சொல்லிருக்கீங்க. படிச்சப்ப என்னையப் பத்தி என்ன நெனச்சீங்க?'

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆய்வேட்டின் பக்கங்கள் படபடத்தன. மேடம் கையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"எடுத்துட்டேன் மேடம். அட்டவணையில இருந்தும் எடுத்துட்டேன். அத்தியாயம் படுத்துடுச்சு."

"படுக்கட்டும். சேந்து எழுப்பிக்கலாம். ஒரு மாசம் தள்ளிக் குடுத்தா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது."

"அதில்ல. அவங்க கேட்டதுக்கு என்ன பதில் எழுதட்டும்?"

"படிச்சப்ப என்ன நெனச்சீங்க?"

"நாப்பது தடவை படிச்சிருப்பேன். ஒவ்வொரு தடவையும்..." அவர் தரையைப் பார்த்தார். "பராமரிப்பாளர் சோர்வு, வகை நான்குன்னு குறிச்சு வச்சேன் மேடம்."

"அதையே அனுப்பிடுவோமா?"

கேலி மாதிரி கேட்டாலும் மேடத்தின் கண் கலங்கியிருந்தது. அவர் மனது அப்படித்தான்.

"ஒவ்வொரு தடவையும்னு ஆரம்பிச்சீங்களே, அதை எழுதுங்க" என்றார். எழுந்து வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டார்.

"எங்க மேடம்?"

"வகுப்பு இருக்கு சார்."

அன்றைக்கு அவருக்கு வகுப்பே கிடையாது.

கதவு சாத்திக்கொண்டது. தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தார்.

'அம்மா, என் வீட்டுக்காரி கேட்டது ஒரே ஒரு ஐஸ் கட்டி. நான் பிரிட்ஜைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில வச்சிருந்தேன்.'