இருதயராஜ் மறந்தாக வேண்டும்

திண்டுக்கல்லில் பஸ் டிக்கெட் முன்பதிவுக்கு சாஃப்ட்வேர் நடத்தும் கம்பெனி ஒன்று உண்டு. முதலாளி சீனியப்பன், மூளையைத் துணிக்கடை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தவர். கூட வேலை பார்த்த செல்லக்கனியும் பெத்தண்ணனும் அவருக்குச் சளைத்தவர்கள் இல்லை.

சர்வர் படுத்துக்கொண்டால் எழுப்பத் தெரிந்தவன் இருதயராஜ் ஒருத்தன்தான். தீபாவளி சமயம் அவன் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தபோது சர்வர் படுத்தது. பொங்கலுக்கும் இப்படி ஆனால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவேன் என்று பஸ் முதலாளி சொல்லிவிட்டார். அவரை விட்டால் சீனியப்பனுக்கு வேறு வாடிக்கை கிடையாது. பயத்தில் சோறு இறங்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். ஒருத்தருக்கு மட்டுமே தெரிந்த வேலை என்று எதுவும் இருக்கக் கூடாது, சர்வரை நீங்களே அவ்வப்போது படுக்கவைத்து எழுப்பிப் பழக வேண்டும், புதிதாகக் கற்க வேண்டும், பழசையே கட்டிக்கொண்டு அழக் கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டு அவர் மத்தியான பஸ்ஸைப் பிடித்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"ரெண்டு வழிதாண்ணே இருக்கு," என்றான் பெத்தண்ணன். "ஒண்ணு, நாம மூணு பேரும் கத்துக்கணும். இல்ல, அவன் மறக்கணும்."

"மூணு பேர் கத்துக்கிறதவிட ஒருத்தன் மறக்கிறது சுளுவு," என்றாள் செல்லக்கனி. "அவனுக்குத் தெரிஞ்சதும் பழசுதான. நிபுணரே விடச் சொல்லிட்டாருல்ல."

சீனியப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இருதயராஜைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார். விசுவாசமான ஆள். பொங்கலுக்குள் மறந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தான்.

மறந்தானா என்று பார்க்க வேண்டாமா? காலையில் சர்வரைப் படுக்கவைத்து, அவனை அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். எழுப்பிவிட்டான். எதெல்லாம் இன்னும் மறக்கவில்லை என்று சீனியப்பன் கேட்க, முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினான். மறுநாளும் இதே கதை. பொங்கல் நெருங்க நெருங்க சாயங்காலமும் பரீட்சை வைத்தார்கள். இடையில் எதையாவது அவன் சொல்லாமல் விட்டால், அதையும்தானே மறக்க வேண்டும் என்று பெத்தண்ணன் எடுத்துக் கொடுத்தான்.

"மறக்கணும்னு உக்காந்தா அதுதாண்ணே மொதல்ல ஞாபகத்துக்கு வருது," என்று இருதயராஜ் அழுதேவிட்டான்.

பொங்கல் முன்பதிவு தொடங்கிய காலையில் அவனுக்குக் காய்ச்சல். ஊரே டிக்கெட்டுக்கு முட்டிமோத, சர்வர் படுத்தது. சீனியப்பனின் கை தானாகப் போய் எழுப்பியது. மத்தியானம் மறுபடி படுத்தது. செல்லக்கனி எழுப்பினாள். அடுத்த தடவை பெத்தண்ணன், ஒரு கையில் வடையோடு. இனி எங்கேயும் போகமாட்டேன் என்று பஸ் முதலாளியே போன் செய்து பாராட்டினார்.

போனை வைத்த சீனியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒருத்தனுக்குத் தெரிஞ்சதுக்கே கம்பெனி கைய விட்டுப் போகப் பாத்துச்சு. இப்ப நாலு பேருக்குல்ல தெரிஞ்சுபோச்சு."

மூவரும் கலங்கிப்போனார்கள். இருதயராஜோடு சேர்ந்து நாலு பேரும் மறக்க உட்கார்ந்தால், மறந்தார்களா என்று பார்ப்பது யார்? விஷயம் தெரிந்த வெளியாள் ஒருத்தர் வேண்டும் என்றாள் செல்லக்கனி. நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை, டீ கொண்டுவந்த காசிமாயனைப் பிடித்து உட்காரவைத்து, ஓடிக்கொண்டிருந்த சர்வரைப் படுக்கவைத்துவிட்டு, அதை எழுப்புவது எப்படி என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார் சீனியப்பன்.