வர்க்கி பிலோமிக்குப் பின்னின கழுத்துக் கம்பளி

கண்ணை மூடிக்கோ பூவி. சித்தி மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் கதை நான் நேர்ல பாத்தது இல்ல. என்கூட ஹாஸ்டல்ல இருந்தாளே ப்ரின்ஸி, அவ சொன்னது. அவளுக்கு அவ அம்மா போன்ல சொன்னது. அதனால நடுவுல கொஞ்சம் கூடியிருக்கலாம், கொறஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியாத இடம் வந்தா தெரியாதுன்னே சொல்லிடுவேன். நீ "ம்" சொன்னாத்தான் கதை நடக்கும். சொல்லு.

ம்.

ஒரு ஊர்ல ஒரு பெரிய கொண்டை இருந்துச்சாம். கொண்டைக்கு முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்களாம். அவங்க பேரு பிலோமி. ஊரு கோத்தகிரி. மலை ஊரு. தை மாசம் விடியக்காலைல பாத்தா புல்லு மேல எல்லாம் உப்பு கொட்டின மாதிரி வெள்ளையா உறைபனி. மூச்சு விட்டா புஸ்ஸு புஸ்ஸுன்னு புகை வரும்.

அந்தக் குளிர்ல பிலோமி என்ன பண்ணுவாங்க? பேக்கரில சுடச்சுட வர்க்கி வாங்கி ஒரு பெரிய தகர டின்ல போட்டு, தலைல சும்மாடு வெச்சு, டின்னை அதுமேல தூக்கி வெச்சுக்கிட்டு, படிப் படியா எறங்குவாங்க. தட், தட், தட். வர்க்கின்னா தெரியுமா? அடுக்கடுக்கா இருக்கும், கடிச்சா மொறுக்குனு ஒடையும். டீயில நனைச்சுச் சாப்பிடணும். நாளைக்கு வாங்கித் தரேன். இல்ல, நாளைக்குன்னு சொல்ல மாட்டேன். இங்க கெடைக்குதான்னு பாத்துட்டுச் சொல்றேன்.

அப்புறம் படியில நின்னு கூப்பிடுவாங்க. "வர்க்கீ...!" அந்தக் "கீ" இருக்கே, அது எதிர் மலை வரைக்கும் போகுமாம். டக் டக்குனு கதவு தெறக்கும். எல்லாரும் தட்டைத் தூக்கிக்கிட்டு வருவாங்க.

ம்.

ஆனா மூணு வருசமா தை மாசம் வந்தா அவங்களுக்குத் தொண்டை கட்டிக்கும். மொதல் வருசம் ரெண்டு நாள். அடுத்த வருசம் ஒரு வாரம். போன வருசம் மாசம் பூரா. ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க, கழுத்துல குளிர் படவே கூடாதுன்னு. கோயம்புத்தூர்ல இருக்கிற மக ஜெசிந்தாவும் சொல்லிட்டா, இந்த வருசமும் குரல் போச்சுன்னா நான் கார் எடுத்துட்டு வருவேன், நீயும் அப்பாவும் பொட்டி கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும்னு. அவ மேல தப்பு இல்ல பூவி, அவளுக்குப் பயம். அம்மாக்கு ஏதாவது ஆயிடுமோன்னு.

பிலோமி அன்னிக்குச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "அங்க வந்து நான் கூப்பிட்டா யாருடி கதவத் தெறப்பா?"

மஃப்ளர் கட்டிக்கலாமேன்னு நீ கேப்ப. ப்ரின்ஸிகிட்ட நானும் அதைத்தான் கேட்டேன். தலைல டின்னு, ரெண்டு கையும் மேல. ஒரு படி எறங்கினா மஃப்ளர் ஒரு சுத்து கழண்டுடும். இழுத்து விடக் கையில்ல. டின்னை எறக்கி வெச்சுக் குனிஞ்சா மஃப்ளர் முனை டின்னுக்குள்ள விழுந்துடும். அதனால முனையே இல்லாத, வளையமா, தலை வழியா மாட்டிக்கிற ஒண்ணு வேணும்.

அதை யாரு பண்ணினா? பிலோமி வீட்டுக்காரரு சூசை. அவரு லாரி மெக்கானிக். விரல் ஒவ்வொண்ணும் வாழைப்பழம் சைஸு. பேச்சே வராது அவருக்கு. வீட்டுல பேசறது எல்லாம் பிலோமிதான், இவரு தலையாட்டுவாரு.

ம்.

அவரு ஒரு நாள் சர்ச் தையல் கிளாஸ்ல மெஷினுக்கு எண்ணெய் விடப் போனாராம். அங்க ஒரு பொண்ணு குரோஷா போட்டுக்கிட்டு இருந்தா. ஒரே ஒரு ஊசி, நுனில குட்டிக் கொக்கி. நூலைக் கொக்கில மாட்டி ஒரு வளையத்துக்குள்ள இழு, அடுத்த வளையம். இழு, அடுத்த வளையம். சூசை எண்ணெய்க் கேனைக் கையில வெச்சுக்கிட்டே நின்னு பாத்தாராம். அப்போ அந்தப் பொண்ணு எங்கயோ தப்புப் பண்ணிட்டா. ஊசியை உருவிட்டு நூலை இழுத்தா, சர்ர்ர்ர்னு எல்லாம் அவுந்து பழையபடி நூலாயிடுச்சு. சூசைக்கு ஆச்சரியம். எந்த இஞ்சின்லயும் இந்த வசதி கெடையாதே.

தையல் சொல்லிக் கொடுக்கற ஸ்டெல்லா சிஸ்டர்கிட்டப் போயி, கழுத்துக்கு ஒண்ணு போடணும் சிஸ்டர்னு கேட்டாரு. சிஸ்டர் ஒரு ஊசியும் மெரூன் கலர் உல்லன் நூலும் குடுத்து, குமிழ் போடச் சொல்லிக் குடுத்தாங்க. ஒரே எடத்துல அஞ்சு தடவை நூலை இழுத்து, அஞ்சையும் சேத்து ஒரு மூடு மூடினா, பொம்முனு ஒரு குமிழ் எழும்பும். குமிழுக்குள்ள காத்து அடைஞ்சு நிக்கும், அதுதான் சூடு.

பணியாரம் மாதிரியா?

ஆமாடி தங்கம், குட்டிக் குட்டிப் பணியாரம் மாதிரி. வரிசை வரிசையா.

அப்போ சூசை மொதல்ல என்ன பண்ணினாரு? பிலோமி கழுத்தை ஒரு கயிறால அளந்துக்கிட்டாரு. அளவு கரெக்டு, ஒரு நூல் கூடல, கொறையல. லாரில தண்ணி ஓஸுக்குக் கிளிப்பு மாட்டற மாதிரி. நாலு நாள் ஒக்காந்து போட்டு முடிச்சுட்டு, இந்தான்னு குடுத்தாரு. பிலோமி வாங்கித் தலைல வெச்சாங்க. அது எறங்கவே இல்ல. உச்சில சும்மாடு மாதிரி ஜம்முனு ஒக்காந்துக்கிச்சு.

ஏன் எறங்கல, சொல்லு?

தலை பெருசு!

அதேதான். கழுத்துக்குப் போறது தலை வழியாத்தானே போகணும். அது அவருக்குத் தோணவே இல்ல. பிலோமி சிரிச்ச சிரிப்புல இருமல் வந்துடுச்சு. கொஞ்சம் கட்டின இருமல்.

சர்ர்ர்ர். அவுத்துட்டாரு. அவுத்த நூல் சேமியா மாதிரி சுருண்டு கெடந்துச்சு. அதைத் தண்ணில நனைச்சு, கொடில போட்டு, அடியில ஒரு ஸ்பேனரைத் தொங்க விட்டாரு. நேராயிடுச்சு.

ரெண்டாவது தடவை தலையை அளந்தாரு. நெத்தியில இருந்து கொண்டைக்குக் கீழ வரைக்கும் சுத்தி. இப்போ சரியா வரும்னு நெனைச்சாரு. ஆனா குமிழ் போடப் போட அகலம் உள்ள இழுத்துக்குமாம் பூவி. அது ஒண்ணு. இன்னொண்ணு, அவரு கை கெட்டி. ஒவ்வொரு வளையத்தையும் போல்ட்டு முறுக்கற மாதிரி இழுத்து இழுத்து முறுக்குவாரு. ஊசி உள்ள போறப்பவே கிரீச், கிரீச்னு சத்தம் வரும்.

பிலோமி மாட்டினாங்க. நெத்தி தாண்டுச்சு. கண்ணு தாண்டுச்சு. மூக்குல மாட்டிக்கிச்சு. பின்னாடி கொண்டைல மாட்டிக்கிச்சு. கீழயும் வரல, மேலயும் வரல. உள்ள இருந்து "ம்ம், ம்ம்ம்"னு மட்டும் சத்தம். சூசை கொண்டையப் புடிச்சு அமுக்கி, கம்பளியப் புடிச்சு இழுத்தாரு. ப்ளக்! மூக்கு தக்காளி மாதிரி செவந்து போச்சு. பிலோமி என்னவோ திட்டினாங்களாம், என்னன்னு ப்ரின்ஸிக்கும் தெரியல. ஆனா அந்தத் திட்டு பாதிதான் வெளிய வந்துச்சு. மீதி வெறும் காத்து.

ம்.

தூங்கிடாத, இன்னும் இருக்கு. மூணாவது தடவை ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னாங்க, "அண்ணே, நூலைப் புடிக்காதீங்க. அது உங்க விரல் மேல நடந்து போகட்டும்."

சூசை தன் விரலைப் பாத்துக்கிட்டே சொன்னாராம். "லூசா விட்டா வண்டி பள்ளத்துக்குப் போயிடும் சிஸ்டர்."

பாவம். வாழ்நாள் பூரா மலை ரோட்டுல போற வண்டிக்குத்தான் போல்ட்டு முடுக்கியிருக்காரு. கெட்டியா முடுக்கினாத்தான் அந்த டிரைவர் சாயங்காலம் வீட்டுக்குப் போவாரு. கை அப்படியே பழகிடுச்சு. அவரு மேல குத்தமில்ல. ஆனா மூணாவதும் சரியா வரல. லூசா, லூசான்னு சொல்லிக்கிட்டே மொதல் மூணு வரிசை போட்டாரு. அப்புறம் பிலோமி உள்ள இருமுவாங்க, இவருக்குப் பயம் வரும், கை இறுகிடும். முடிச்சுப் பாத்தா கீழ அகலம், மேல குறுகல், எண்ணெய் ஊத்தற புனல் மாதிரி ஒண்ணு.

மறுநாள் விடிஞ்சப்போ பிலோமி எழுந்து வாயைத் தெறந்தாங்க. "ஹ்ஹா." அவ்வளவுதான். குரல் இல்ல.

...

ம் சொல்லு.

ம்.

அன்னிக்குப் புதன் கெழமை. பக்கத்து வீட்ல யாரோ ஜெசிந்தாக்கு போன் பண்ணிட்டாங்க. ஞாயித்துக் கெழமை காலைல கார் எடுத்துட்டு வரேன், பொட்டி கட்டி வெய்யுங்கன்னுட்டா. பிலோமி ஒண்ணும் சொல்லல, சொல்லத்தான் முடியாதே. டின்னைத் தூக்கித் தலைல வெச்சுக்கிட்டுப் படி எறங்கிட்டாங்க. சூசை அந்தப் புனலையும் அவுத்து, மெரூன் நூலையும் ஊசியையும் சட்டைப் பைல திணிச்சுக்கிட்டுப் பின்னாடியே போனாரு.

மொதல் படியில நின்னு பிலோமி அவரைப் பாத்தாங்க. கூப்பிடுங்கன்னு கண்ணால சொன்னாங்க.

சூசைக்கு வேர்த்துடுச்சு, அந்தக் குளிர்ல. "வர்க்கி," அப்படின்னாரு. யார்கிட்டயோ மன்னிப்புக் கேக்கற மாதிரி. ஒரு கதவும் தெறக்கல. மறுபடி "வர்க்கி"ன்னாரு. ஒரு நாய் மட்டும் லொள்ளுன்னுச்சு. மூணாவது தடவை கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. சத்தமாக் கத்தறதுன்னா அவருக்கு ஒண்ணுதான் தெரியும், லாரி ரிவர்ஸ் எடுக்கறப்போ கத்தறது. அப்படியே கத்திட்டாரு. "வர்க்கி வர்க்கி வர்க்கி வர்க்கி, ரைட்டே!"

டக், டக், டக். அத்தனை கதவும் தெறந்துச்சு. எந்த வண்டி மோத வருதுன்னு பாக்க.

பிலோமி டின்னைப் புடிச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்களாம், சத்தமே இல்லாம.

அப்புறம் ஒவ்வொரு வாசல்லயும் பிலோமி வர்க்கியக் காகிதத்துல சுத்திக் குடுக்கற நேரத்துல சூசைக்கு வேலை இல்ல. சும்மா நிக்க வெக்கம். பைல இருந்து ஊசிய எடுத்துப் புதுசா ஆரம்பிச்சாரு. இந்தத் தடவை கொண்டையையும் சேத்து அளந்து, அதுக்கு மேல கொஞ்சம் விட்டு. ஆளாளுக்கு அவரைக் கிண்டல் பண்ணினாங்க. என்ன அண்ணே, பேரனுக்கு சட்டையா, லாரிக்கு சாக்ஸான்னு. அவரு பதில் சொல்லணும். அடுத்த வாசல்ல கத்தணும். படியப் பாத்து எறங்கணும். இத்தனைக்கும் நடுவுல கையக் கவனிக்க அவருக்கு நேரமே இல்ல. கை பாட்டுக்குப் போட்டுக்கிட்டே போச்சு. கிரீச் சத்தம் நின்னு போச்சு.

வீட்டுக்கு வந்ததும் பிலோமி அதை வாங்கிப் பாத்தாங்க. ஒரு வளையத்துக்குள்ள விரலை விட்டாங்க. சுளுவா உள்ள போச்சு. சூசை மீதியப் போடலாம்னு ஒக்காந்தாரு பாரு, பிலோமி வெடுக்குனு ஊசியப் புடுங்கிக் காலி டின்னுக்குள்ள போட்டு மூடிட்டாங்க. வீட்ல தொடக் கூடாது. ஒக்காந்து யோசிச்சா முறுக்கிடுவீங்கன்னு கையாலயே முறுக்கிக் காமிச்சாங்க.

ம்...

வியாழன், வெள்ளி, சனி. நடந்துக்கிட்டே, கத்திக்கிட்டே, நின்னுக்கிட்டே. ஒரு துண்டைக் கழுத்துல சுத்திக்கிட்டுப் பிலோமி முன்னாடி, அது கழண்டா இழுத்து விட்டுக்கிட்டு, நூலு ஆட ஆட சூசை பின்னாடி. கடைசி வரிசை ஞாயித்துக் கெழமை காலைல, நாலாவது தெருப் படியில முடிஞ்சுது. பிலோமி டின்னைக் கீழ வெச்சாங்க. வளையத்தை எடுத்துத் தலைல போட்டாங்க. நெத்தி தாண்டுச்சு. கொண்டை தாண்டுச்சு. மூக்கு, வாய், தாவாங்கட்டை. பொத்துனு கழுத்துல வந்து ஒக்காந்துச்சு. குமிழ் எல்லாம் காதுக்குக் கீழ மெத்து மெத்துன்னு.

பிலோமி வாயைத் தெறந்தாங்க. குரல் வரல. உடனே எப்படி வரும் பூவி? கம்பளி மந்திரம் இல்லையே. சூசை அவங்க மூஞ்சையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் திரும்பி நின்னு அவரே கத்தினாரு, எல்லா நாளையும் விட சத்தமா.

படிக்கு மேல ஒரு கார் நின்னிருந்துச்சு. ஜெசிந்தா எறங்கி, கார்க் கதவைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. அவ பொறந்ததுல இருந்து அவ அப்பா சத்தம் போட்டுக் கேட்டதே இல்ல. கதவெல்லாம் தெறந்து ஆளுங்க தட்டோட வர்றதைப் பாத்தா. அம்மா கழுத்தைப் பாத்தா. கிட்ட வந்து அந்தக் குமிழைத் தொட்டுப் பாத்தா.

"நீங்களாப்பா?"

கத்தறதைக் கேட்டாளா, பின்னினதைக் கேட்டாளான்னு ப்ரின்ஸி சொல்லல. சூசை தலையாட்டினாரு.

ஜெசிந்தா அம்மா காதுக்குக் கீழ கம்பளிய இழுத்துச் சரி பண்ணி விட்டா. அப்புறம், ரெண்டு வாரம் பாக்கறேன், அம்மாக்குக் குரல் வரலேன்னா மறுபடி வருவேன்னு சொல்லிட்டு, அவளும் ஒரு காகிதத்துல வர்க்கி வாங்கிக்கிட்டு அந்தப் படியிலயே ஒக்காந்து சாப்பிட்டா. மொறுக், மொறுக்.

ரெண்டு வாரம் முடியறதுக்குள்ள பிலோமிக்குக் குரல் மணி மாதிரி திரும்பி வந்துடுச்சாம். பொட்டி கட்டவே இல்லையாம்.

...

பூவி?

சரி. கதை வளையம் சுத்தி வந்து மூடியாச்சு, ஊசிய உருவியாச்சு. நீயும் போர்வைக்குள்ள போ, தூங்கு.

நீ தூங்கிட்டேன்னு தெரியும். இருந்தாலும் சொல்லிடறேன். மணி மாதிரின்னு ப்ரின்ஸி சொன்னது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. போன மாசம் ஒரு இன்டர்வியூக்குக் கோத்தகிரி போனப்போ, காலைல அந்தப் படியில போய் நின்னு பாத்தேன். குரல் முழுசா திரும்பல. "வர்க்" வரைக்கும் பிலோமிம்மா கூப்பிடறாங்க. "கீ" சூசை ஐயாதான்.