காய்ச்சல் தொடாதவர்

"ஒரு தடவையாவது என்னைச் சீடன்னு சொல்லியிருக்கீங்களா சாமி?"

கேட்டவர் விருத்தகிரி. மீசை நரைத்த ஆள். மடத்துக்கு வந்த நாளிலிருந்து இதே குறைதான்.

ஆனால் இன்று குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. இருக்காதா பின்னே? ஊரே விஷக்காய்ச்சலில் சுருண்டு கிடக்க, அவர் ஒருவர்தான் குத்துக்கல்லாட்டம் இருந்தார். வழியில் நடமாட முடிந்த ஜனங்கள் காலில் விழுந்தார்கள். அவரும் நிதானமாக நின்று திருநீறு கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உனக்கு ஏன் காய்ச்சல் வரலை?"

"ஜப பலம் சாமி. விடியறதுக்கு முன்னாடியே உட்கார்ந்துடறேன். சும்மாவா?"

"இதே காய்ச்சல் முன்னாடி உங்க ஊர்ல வந்திருக்கா?"

"நான் கைக்குழந்தையா இருக்கறப்போ வந்துச்சாம். வீட்டுல எல்லாரும் செத்துப் போயிட்டாங்க, அம்மாவும். நான் அவங்க பக்கத்துலயே கிடந்தேனாம். எனக்கு ஒண்ணுமே ஆகலை!"

அதையும் பெருமையாகவே சொன்னார்.

"அப்போ என்ன ஜபம் பண்ணே?"

"கைக்குழந்தைக்கு ஏது சாமி ஜபம்?" விருத்தகிரியின் குரலில் மிடுக்கு குறைந்திருந்தது.

சாமி விடவில்லை. "அம்மாவுக்குக் கடைசியில தண்ணி கொடுத்தது யாரு?"

"யாருமில்லை சாமி. தண்ணி தண்ணின்னு கேட்டாங்களாம். ஒட்டிக்கும்னு பயந்து ஒருத்தனும் படியேறலை."

 இத்தனை வயதாகியும் அந்த ஊரை அவர் மன்னிக்கவில்லை.

சாமி எழுந்து போனார். ஒரு குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து விருத்தகிரியின் முன்னால் வைத்தார். மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

விருத்தகிரி குடத்தையே பார்த்தார். வரும் வழியில் சாத்தியிருந்த கதவுகள் ஞாபகம் வந்தன. அவற்றுக்குப் பின்னால் கேட்ட முனகலும். திருநீறு கொடுத்த மும்முரத்தில் அதைத் தாண்டித்தான் வந்திருந்தார். வெட்கமாக இருந்தது.

குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தார்.

அதன்பிறகு அவர் மடத்தில் தங்கவே இல்லை. வீடு வீடாகப் போனார். தண்ணீர் கொடுத்தார், கஞ்சி ஊட்டினார், அழுக்குத் துணி அலசினார். பலர் பிழைத்து எழுந்தார்கள்.

ஒருநாள் சாமியே ஊருக்குள் வந்தார். தெருவில் பிழைத்த பெண் ஒருத்தி குழந்தையோடு விருத்தகிரியின் காலில் விழப்போனாள்.

"நகரும்மா, தண்ணி சிந்துது."

விலகி அடுத்த வீட்டுப் படியேறினார்.

"யார் சாமி இந்த மனுஷன்?" என்று கேட்டார் ஒரு வழிப்போக்கர்.

சாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"என் சீடன்!"

விருத்தகிரியின் காதில் விழுந்தது. அதற்குள் இருட்டறையிலிருந்து ஒரு பெண் குரல், "தண்ணி..." என்றது.

"வந்துட்டேம்மா" என்றார் விருத்தகிரி.